பதிகம் பாடும் அப்பாவால் 'பசிக்கிறது' என்று ஏன் சொல்ல முடியவில்லை?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நான்கு மாதங்களுக்கு முன் ஒருநாள் விடியற்காலையில் எழுந்தவர் வாய் கோணி, வலது கை தொங்கி, பேச்சு வராமல் நின்றார். பக்கவாதம் என்று மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது மெல்ல நடக்கிறார். கை மட்டும் எழவில்லை, அதற்குப் பயிற்சி கொடுத்துவருகிறோம். எதைக் கேட்டாலும் 'இல்லை, இல்லை' என்கிறார். தலையோ ஆமாம் என்று ஆடுகிறது. எழுதிக் காட்டச் சொன்னால் இடது கையால் கிறுக்குகிறார். ஆனால் சின்ன வயதில் மனப்பாடம் செய்த பதிகத்தை வெள்ளிக்கிழமை பூஜையில் ஒரு சொல் பிசகாமல் பாடுகிறார். கோபம் வந்தால், நாங்கள் அவர் வாயில் கேட்டே இராத கெட்ட வார்த்தை தெளிவாக வருகிறது. கடைப் பையன் மீதிச் சில்லறையைத் தவறாகக் கொடுத்தால் கையைப் பிடித்து நிறுத்திவிடுகிறார். பேத்தியைப் பார்த்தால் அழுகிறார். 'அண்ணன் நடிக்கிறார்' என்கிறார் சித்தப்பா. 'புத்தி பேதலித்துவிட்டது' என்கிறார் அத்தை. பெரியம்மா நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார். புறா ரத்தம் தடவச் சொல்பவர்களும் உண்டு. அப்பாவுக்கு என்னதான் ஆயிற்று? மறுபடி பேசுவாரா? தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். அவரை மணவறையில் உட்கார வைக்கலாமா?
– வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா நடிக்கவில்லை. அவருக்குப் புத்தியும் பேதலிக்கவில்லை. ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு நோயை முழுவதுமாகத் தீர்மானிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள் அத்தனையும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. கடிதத்துடன் நீங்கள் அனுப்பிய ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியும் அதையே சொல்கிறது: 'இடது எம்.சி.ஏ. இன்ஃபார்க்ட்'. மூளையின் இடது பாதிக்கு ரத்தம் கொண்டுபோகும் நடுப் பெருமூளைத் தமனி அடைபட்டு, அது ஊட்டிவந்த பகுதியில் ஒரு பங்கு செத்துப்போயிருக்கிறது என்று பொருள். அதனால் வந்திருப்பது அஃபேசியா. தமிழில் பேச்சிழப்பு என்கிறோம்.

ஒரு ரத்தக் குழாய் அடைபட்டதற்கா இவ்வளவும் என்று தோன்றலாம். பெரியவர்களின் மூளை ஏறக்குறைய 1.3 முதல் 1.4 கிலோ எடை இருக்கும். உடல் எடையில் அது 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. தனக்கென்று சேமிப்பு எதையும் அது வைத்துக்கொள்வதில்லை. பிராணவாயுவும் சர்க்கரையும் நொடிக்கு நொடி ரத்தத்தில் வந்தாக வேண்டும். பெரிய தமனி ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன என்பது மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கும் சராசரி. மூளையில் மொத்தம் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. எத்தனை செத்தன என்பதைவிட எந்த இடத்தில் செத்தன என்பதுதான் ஒருவர் எதை இழக்கிறார் என்பதைத் தீர்மானிக்கிறது.

இப்போது உங்கள் கையைத் தலையில் வைத்துப் பாருங்கள். உச்சந்தலையிலிருந்து காதை நோக்கி ஒரு கோடு இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டை ஒட்டி, மண்டையோட்டுக்கு உள்ளே, உடலை அசைக்கும் பகுதி ஒரு பட்டையாக இறங்குகிறது. உடல் அதில் தலைகீழாகப் பதிந்திருக்கிறது. கால், பட்டையின் உச்சியில், மூளையின் இரண்டு பாதிகளான அரைக்கோளங்கள் ஒன்றையொன்று பார்க்கும் உள்பக்கச் சுவரில். அதற்குக் கீழே உடம்பு, பிறகு கை, பிறகு முகம், கடைசியில் நாக்கும் தொண்டையும். கைக்கும் முகத்துக்கும் கிடைத்திருக்கும் இடம் மிகப் பெரியது. கனடாவின் மான்ட்ரியலில் வில்டர் பென்ஃபீல்டு என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையில் மெல்லிய மின்சாரம் தொட்டுத் தொட்டுப் பார்த்து வரைந்த படம் இது. இன்றைக்கும் அறுவை அரங்கில் அது பயன்படுகிறது.

அப்பா நடக்கிறார், ஆனால் கை எழவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. உள்பக்கச் சுவரில் இருக்கும் கால் பகுதிக்கு ரத்தம் வேறொரு தமனி வழியாக, முன் பெருமூளைத் தமனி வழியாக, வருகிறது. அது அடைபடவில்லை. அடைபட்டது வெளிப்பக்கத்தை ஊட்டும் தமனி. அதனால் கையும் முகமும் பலமாக அடிபட்டன, கால் ஓரளவு தப்பித்தது. இடது மூளையில் பழுது, வலது கையில் வாதம் என்பதும் பலரைக் குழப்பும். மூளையிலிருந்து இறங்கும் நரம்பு நார்களில் பெரும்பாலானவை மூளை தண்டுவடத்தோடு சேரும் முகுளத்தின் கீழ்ப்பகுதியில் பக்கம் மாறிவிடுகின்றன. வேறு மர்மம் எதுவும் இல்லை.

பேச்சுக்கு வருவோம். வலக்கைக்காரர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு மொழி இடது அரைக்கோளத்தில்தான் இருக்கிறது. இடக்கைக்காரர்களிலும் பத்தில் ஏழு பேருக்கு அப்படியே. இடது நெற்றிப்பொட்டுக்குச் சற்று மேலே, மூளையின் முன்பகுதியான நெற்றி மடலின் கீழ்ப்பகுதியில், நாக்கையும் உதட்டையும் அசைக்கும் இடத்துக்கு முன்னால் ஒரு பகுதி இருக்கிறது. பிரோக்கா பகுதி என்று பெயர். சொல்லைத் தேடி எடுத்து, ஒலிகளை வரிசைப்படுத்தி, வாக்கியமாக்கி வாய்க்கு அனுப்புவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இடது காதுக்குப் பின்னால் மேல்பக்கமாக இன்னொரு பகுதி. 1874-ல் அதைப் பற்றி எழுதிய கார்ல் வெர்னிக்கேயின் பெயரால் அழைக்கப்படுகிறது. கேட்ட சொல்லுக்குப் பொருள் காண்பதில் அது முக்கியம். அது கெட்டவர்கள் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் பேச்சில் பொருள் இருக்காது. பிறர் சொல்வதும் அவர்களுக்கு விளங்காது. உங்கள் அப்பா அந்த வகை இல்லை. பையன் சில்லறையைக் குறைத்துக் கொடுத்ததும் கையைப் பிடிக்கிறார் என்றால் அவர் பார்க்கிறார், கணக்கிடுகிறார், தவறு என்று முடிவு செய்கிறார், தடுக்கிறார். இதைவிடப் பெரிய புத்திப் பரிசோதனையை நான் என் அறையில் வைத்துவிட முடியாது. அவர் கடையை வைத்தே சொல்கிறேன்: சரக்கு எல்லாம் அலமாரியில் அப்படியே இருக்கிறது, கேட்டதும் எடுத்துத் தரும் ஆள்தான் படுத்துவிட்டார்.

'வாய்தானே வரவில்லை, எழுதிக் காட்டலாமே' என்று உங்கள் வீட்டில் கேட்டிருப்பார்கள். எழுத முடியாததைத்தான் புத்தி போனதற்குச் சாட்சியாகவும் வைத்திருப்பார்கள். அது தலைகீழான முடிவு. நாக்கும் உதடும் மட்டும் வாதத்தில் சிக்கியிருந்தால் பேச்சு குழறும். ஆனால் இடது கையாலாவது 'தண்ணீர்' என்று எழுதிவிடுவார். அப்பாவுக்குக் கெட்டிருப்பது வாய் இல்லை, மொழி. மொழி கெட்டால் பேச்சோடு எழுத்தும் போகும், படிப்பதும் தடுமாறும். அதனால்தான் வசம்பைப் பற்றி இவ்வளவு அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாக்கில் பழுதே இல்லாதபோது நாக்கில் தேய்த்து என்ன பயன்? பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு விழுங்குவதிலும் சிரமம் இருக்கும். வாயில் எதையாவது தேய்க்கப்போய் அது மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுவிடும். பெரியம்மா அன்பினால்தான் சொல்கிறார், அவர் மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள். புறா ரத்தத்துக்கு அந்தத் தயவும் வேண்டாம். அதனால் ஒரு நன்மையும் இல்லை, கிருமி தொற்றும் ஆபத்து உண்டு.

பதிகமும் கெட்ட வார்த்தையும் மட்டும் எப்படி வருகின்றன? உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். 160 ஆண்டுகளுக்கு முன் பாரிஸில் ஒரு மனிதரைச் சுற்றி இதே கேள்வி எழுந்தது. லெபோர்ன் என்பது அவர் பெயர். முப்பது வயது வாக்கில் பேச்சிழந்து பிசேத்ர் மருத்துவமனைக்கு வந்தவர், 21 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். எதைக் கேட்டாலும் அவருக்கு வந்தது 'டான், டான்' என்ற ஒலி மட்டும்தான். ஊழியர்கள் அவரை டான் என்றே கூப்பிட்டார்கள். 1861 ஏப்ரலில் கால் புரையோடி, பால் பிரோக்கா என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் அவர் கொண்டுவரப்பட்டார். 'இங்கே எத்தனை ஆண்டுகளாக இருக்கிறீர்கள்?' என்று பிரோக்கா கேட்டார். டான் தன் கையை நான்கு முறை விரித்துக் காட்டினார். பிறகு ஒரே ஒரு விரல். இருபத்தொன்று. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது முறை கேட்டபோது, தன்னைச் சோதிக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கோபம் பொங்கியது. 'டான்' தவிர எதுவும் வராத அந்த வாயிலிருந்து முழுதாக ஒரு வசைச்சொல் வந்தது.

சில நாட்களில் அவர் இறந்தார். பிரோக்கா அவர் மூளையை எடுத்துப் பார்த்தார். இடது நெற்றி மடலில் பழுது. அதே ஆண்டில் வேறொரு நோயாளியிடமும் அதே இடத்தில் பழுது தெரிந்தது. மொழிக்கு மூளையில் இடம் உண்டு என்று மருத்துவம் ஏற்றுக்கொண்டது அப்போதுதான். டானின் மூளையை வெட்டாமல் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 2007-ல் அதை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்துப் பார்த்தபோது, பழுது பிரோக்கா கண்ட இடத்தோடு நிற்காமல் உள்ளே வெகுதூரம், பகுதிகளை இணைக்கும் நரம்பு நார்கள் வரை, பரவியிருந்தது தெரிந்தது. மொழி ஒரு புள்ளியில் உட்கார்ந்திருக்கவில்லை. பல இடங்களும் அவற்றை இணைக்கும் நார்களும் சேர்ந்துதான் அதை நடத்துகின்றன. இதை நினைவில் வையுங்கள், அப்பா தேறுவதைப் பற்றிச் சொல்லும்போது இது வரும்.

'பசிக்கிறது' என்பது இந்த நொடியில் புதிதாகக் கட்ட வேண்டிய வாக்கியம். அதை இடது மூளையின் மொழி வலைதான் கட்ட வேண்டும். பதிகம் அப்படி இல்லை. ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி, ராகமும் தாளமும் சேர்ந்து, ஒரே தொடராகப் பதிந்துவிட்டது. அதை யாரும் கட்டுவதில்லை. தொடக்கம் கிடைத்தால் தானாகவே ஓடிவிடும். இசையில் வலது மூளைக்குப் பெரிய பங்கு உண்டு, அந்தப் பக்கம் அப்பாவுக்கு நன்றாகவே இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதும், கிழமைகளை வரிசையாகச் சொல்வதும் இதே வகை. வசைச்சொல்லும் அப்படித்தான். உணர்ச்சி வேகத்தில், யோசனை இல்லாமல் வெடித்து வருகிற சொற்களுக்கு மூளையின் ஆழத்தில் வேறு பாதைகள் இருக்கின்றன. பேசத் தெரிந்த காலத்தில் நாம் எல்லோருமே அந்த வார்த்தைகளை அடக்கித்தான் வைத்திருக்கிறோம். வேறு சொல் எதுவும் கிடைக்காதபோது அது ஒன்றே கிடைத்து வந்துவிடுகிறது. அப்பாவின் குணம் கெட்டுவிட்டதாக ஒருபோதும் நினைக்காதீர்கள். அவரைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். ஸ்வீடனில் 1745-லேயே ஒருவர், பேச முடியாமல் தேவாலயப் பாடல்களை மட்டும் பாடியதை எழுதிவைத்திருக்கிறார்கள். 'பாடத் தெரிகிறவருக்குப் பேசத் தெரியாதா' என்று கேட்கும் சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

மறுபடி பேசுவாரா? பேசுவார் என்று உறுதி சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். முன்பு பேசியது போலவே பேசுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். இன்றைக்கு இருப்பதைவிட மேலாகப் பேசுவார் என்று எதிர்பார்க்க நல்ல காரணம் இருக்கிறது. முதல் மூன்று மாதங்களில்தான் வேகமாகத் தேறுவார்கள் என்பது உண்மை. அதற்குப் பிறகு கதவு சாத்தப்பட்டுவிடும் என்பது உண்மையல்ல, அப்படிச் சொல்லி அனுப்பிவிடுகிறவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. செத்த செல்கள் திரும்ப வருவதில்லை. ஆனால் மொழி பல இடங்கள் சேர்ந்து நடத்துவது என்பதால், பழுதைச் சுற்றித் தப்பித்திருக்கும் பகுதிகளும் ஓரளவு வலது பக்கமும் பயிற்சியால் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 2017-ல் ஜெர்மனியில், பக்கவாதம் வந்து ஆறு மாதங்கள் கடந்த 158 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. மூன்று வாரங்கள், வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் பேச்சுப் பயிற்சி. பயிற்சிக்குக் காத்திருந்தவர்களிடம் முன்னேற்றம் தெரியவில்லை. பயிற்சி பெற்றவர்கள் அன்றாடப் பேச்சில் முன்னேறினார்கள். உங்கள் அப்பாவுக்கு நான்கு மாதங்கள்தான் ஆகியிருக்கின்றன.

உங்கள் கடிதத்தில் கைக்குப் பயிற்சி கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள், பேச்சுப் பயிற்சியாளரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த வாரமே அதைத் தொடங்குங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பேச்சுப் பயிற்சியாளர் பெரும்பாலும் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இருப்பார். நரம்பியல் பிரிவில் தேடிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், 2021 முதல், ரத்த அழுத்த மாத்திரையும் இயன்முறைப் பயிற்சியும் வீடு தேடி வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. அடுத்த அடைப்பைத் தடுப்பது அதுதான்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அப்பாவிடம் பேசும்போது டி.வி.யை அணைத்துவிடுங்கள். எதிரே உட்கார்ந்து, சின்ன வாக்கியமாக, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் பேசுங்கள். 'சாப்பிட என்ன வேண்டும்?' என்று கேட்காதீர்கள். அதற்கு அவர் சொல்லைத் தேடி எடுக்க வேண்டும். இட்லியையும் தோசையையும் காட்டி 'இதுவா, இதுவா?' என்று கேளுங்கள். 'ஆம், இல்லை' இரண்டும் வாயில் மாறி வருவது இந்த நோயில் மிகச் சாதாரணம், அவர் வாயைவிடத் தலையை நம்புங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மனத்துக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். அவர் தேடிக்கொண்டிருக்கும்போது முந்திக்கொண்டு சொல்லை எடுத்துக்கொடுப்பதுதான் அன்பான வீடுகளில் நடக்கும் பெரிய கெடுதல். சத்தமாகப் பேசவும் வேண்டாம், அவர் காது நன்றாகத்தான் கேட்கிறது. சொற்கள் வரத் தொடங்கும்போது 'காப்பி', 'சாவி', 'கடை' என்று பெயர்ச்சொற்கள் முன்னால் வரும், வினைச்சொற்கள் பின்தங்கும். 'சாவி' என்றால் 'சாவியை எடுத்து வா' என்று முழுதாக எடுத்துச் சொல்லிவிட்டு எடுத்துவாருங்கள். அவரைத் திருத்த வேண்டாம்.

பாட்டை வைத்துப் பேச்சை மீட்கும் ஒரு முறையை 1973-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் வகுத்தார்கள். நாள் முழுக்கப் பதிகம் பாடுவதால் 'பசிக்கிறது' வந்துவிடாது. அன்றாடச் சொற்களையே ராகத்தில் ஏற்ற வேண்டும். 'தண்ணீர் கொடு' என்பதை உயர்ந்த சுரம், தாழ்ந்த சுரம் என்று இரண்டே சுரங்களில் மெல்லப் பாடுவார்கள். ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடது கையை மேஜையில் தட்டுவார்கள். முதலில் பயிற்சியாளர் பாடுவார், பிறகு இருவரும் சேர்ந்து, பிறகு அவர் பாதியில் நிறுத்தி நோயாளியைத் தொடரவிடுவார். நாளடைவில் ராகத்தைக் குறைத்துச் சாதாரணப் பேச்சுக்குக் கொண்டுவருவார்கள். எல்லோருக்கும் இது பலன் தருவதில்லை. கேட்டால் புரிந்துகொள்கிற, வாய் வராத, பாட வருகிற ஆட்களுக்கே இது பொருந்தும்; உங்கள் அப்பா அப்படிப்பட்டவர். பயிற்சியாளரிடம் அவர் பாடுவதை மறக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் கைபேசியில் பதிவு செய்து கொண்டுபோங்கள்.

அழுகையைக் கவனியுங்கள். சட்டென்று வந்து ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டால், உணர்ச்சியை அடக்கும் நரம்புப் பாதையில் ஏற்பட்ட பழுதாக இருக்கலாம். பேச்சை மாற்றினால் நின்றுவிடும். தூக்கமும் பசியும் குறைந்து, கடைக்குப் போகவும் பிடிக்காமல் முடங்கினால் அது மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. மருந்துக்குக் கட்டுப்படும். சொல்லிக்கொள்ள வாயில்லாத மனிதருக்கு அது எத்தனை கொடுமை என்று எண்ணிப்பார்த்து, தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. புதிதாக முகம் கோணினாலோ, கை கால் விழுந்தாலோ, இருக்கிற பேச்சும் போனாலோ உடனே 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம், அவர் கடைசியாக நன்றாக இருந்த நொடியிலிருந்து ஓடுகிறது. தூக்கத்தில் வந்துவிட்டால் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. அன்று விடியற்காலையில் நீங்கள் செய்யத் தவறியது எதுவும் இல்லை. அந்தக் குற்ற உணர்வு உங்களுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள்.

கல்யாணத்தில் அவரை உட்கார வையுங்கள். மகளைத் தாரைவார்த்துக் கொடுக்கும் உரிமையை நோய் பறிக்கவில்லை, நாமும் பறிக்க வேண்டாம். புரோகிதரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சொல்ல வேண்டியதை இரண்டிரண்டு சொல்லாகப் பிரித்து, ராகத்தோடு, தானும் சேர்ந்து சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்து சொல்லும்போது அவருக்கு வரும். வராவிட்டால் அம்மா சொல்லட்டும், அவர் தலையசைக்கட்டும். வலது கைக்கு அடியில் உங்கள் அண்ணனோ தம்பியோ கை கொடுத்துத் தாங்கினால் நீர் வார்க்க முடியும். தரையில் உட்கார்ந்து எழுவது கடினம் என்றால் பலகை போட்டு உயர்த்திவிடுங்கள். மேளத்துக்கு அருகில் அவருக்கு இடம் போடாதீர்கள், இரைச்சலில் பேச்சு இன்னும் அடைத்துக்கொள்ளும். முகூர்த்தம் முடிந்ததும் ஒரு மணி நேரமாவது படுக்க அறை வேண்டும். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் 'என்னைத் தெரிகிறதா, என் பெயரைச் சொல்லுங்கள்' என்று அவரைப் பரீட்சை வைக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சித்தப்பாவிடம் கொடுங்கள்.